நாள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையும் அதன் ஈரலும்

(குழித்துறையில் கூடிய ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குழந்தை நலம் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். குழந்தை நலம் என்பது மிகப் பெரிய பொருள். அதில் எல்லாவற்றையும் தொட்டுச் சென்றால் ஒன்றும் உங்கள் மனத்தில் நில்லாது. ஆகையால் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். நாள் நிறைவதற்கு முன்னே பிறந்துவிடும் குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்புச் சேர்கிறது என்பதே அச்செய்தி.

ஈரலில் கொழுப்பு என்றால், பருத்த உடலோ குடிப் பழக்கமோ உள்ள நடுவயதினருக்கு வருவது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஒன்றரைக் கிலோ எடையில், தோல் சுருங்கி, உள்ளங்கையில் அடங்குவதுபோல் பிறக்கும் சிசுவுக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், அது நம் அடுக்களை, குடிநீர்க் குழாய், சோதிடர் குறித்துக் கொடுக்கும் நல்ல நேரம் ஆகியவை வரையில் நம்மை இழுத்துச் செல்கிறது. ஊராட்சிப் பெருமக்கள் முன்னிலையில் இதனைப் பேச நான் துணிந்ததற்கும் அதுவே காரணம்.

முதலில் நாள் கணக்கைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நம் முன்னோர் சொன்னது பிழையன்று. 28 நாளை ஒரு மாதமாகக் கொண்ட கணக்கு அது. பத்து மாதத்துக்கு 280 நாள், அதாவது 40 வாரம். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து இதனை எண்ண வேண்டும். 37 வாரம், அதாவது 259 நாள், நிறையுமுன் பிறக்கும் குழந்தையைத்தான் குறைமாதக் குழந்தை என்கிறோம். 'எட்டாம் மாதம்' என்று வீட்டில் ஒருவர் சொல்வதற்கும் மருத்துவர் எழுதுவதற்கும் சில வேளைகளில் நான்கு வாரம் வரை வேறுபாடு வந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். அது முற்றிலும் தவறு. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்க்கும் வாரமே. இதனால் மாதத்தை விட்டு வாரத்தை எண்ணும் பழக்கம் நமக்கு வரவேண்டும். தீட்டு நின்ற உடனே தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, மூன்று மாதம் ஆவதற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2020ஆம் ஆண்டில் உலக முழுவதிலும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் நம் இந்திய நாட்டில் பிறந்தவை. எட்டுப் பிரசவங்களில் ஒன்று இத்தகையது என்று கொள்ளலாம். உங்கள் ஊராட்சியில் ஓர் ஆண்டில் எத்தனைக் குழந்தைகள் பிறக்கின்றன என்பதை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை சிறிதாக இராது.

இனி ஈரலுக்கு வருவோம். நீங்கள் உழவர்களாகையால் உழவர் முறையிலேயே சொல்கிறேன்.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலிருந்து வரும் உணவில் பெரும்பங்கு சர்க்கரைச் சத்தே. முதல் ஆறு மாதங்களில் அது உறுப்புகளை அமைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம் பிடித்துச் சேமிக்கும் வேலை கடைசி மூன்று மாதங்களில்தான் தொடங்குகிறது. அப்பொழுதுதான் தோலுக்கு அடியில் கொழுப்புப் படியத் தொடங்கும். கன்னமும் தொடையும் திரளும். நிறைமாதக் குழந்தையின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கொழுப்பு. 28 வாரத்தில் பிறக்கும் ஒரு கிலோக் குழந்தையிடம் அதில் மிகச் சிறு பங்கே இருக்கும். தோலுக்கு அடியிலுள்ள இக்கொழுப்பு வீண் சுமையன்று. குளிரைத் தாங்கும் போர்வை அது. பால் குறையும் நாளில் எடுத்துண்ணும் களஞ்சியமும் அதுவே. நம் பழைய வீடுகளில் நெல் போட்டு வைக்கும் பத்தாயத்தைப் போன்றது என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும்.

பத்தாயம் செய்து முடிப்பதற்கு முன்னே அறுவடை நடந்துவிட்டால் என்ன ஆகும்? நெல் வந்து குவியும், கொட்டி வைக்க இடம் இராது. அடுக்களையிலும் திண்ணையிலும் மூட்டையாகக் கிடக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நிலை ஏறக்குறைய இதுதான். பிறந்த மறுநாள் முதல் அதற்கு உணவு போய்க்கொண்டே இருக்க வேண்டும். பால் குடிக்கும் வலிமை இல்லாத நாட்களில் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த நீர் இரத்தக் குழாய் வழியாகவே செலுத்தப்படுகிறது. உடலின் அடுக்களை ஈரல். வருகின்ற சத்தை எரித்தும் பக்குவப்படுத்தியும் மற்ற உறுப்புகளுக்கு அனுப்புவது அதன் கடமை. குறைமாதக் குழந்தையின் ஈரலோ இன்னும் முதிராதது. கொழுப்பை எரிக்கும் ஆற்றலும் வெளியே அனுப்பும் ஆற்றலும் அதற்கு நிரம்ப வரவில்லை. தோலுக்கு அடியில் களஞ்சியமும் போதாது. ஆகவே கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலின் உயிரணுக்களுக்குள்ளும் தங்குகிறது.

இது வெறும் ஊகமன்று. இலண்டன் மாநகரிலுள்ள இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் நீனா மோடி அம்மையாரும் அவருடன் பணிபுரிந்த அறிஞர்களும் இதனை அளந்து காட்டியிருக்கிறார்கள். பச்சிளங் குழந்தையின் ஈரலை ஊசியால் குத்திப் பார்க்க எந்தத் தாய் இசைவாள்? காந்த விசையால் உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியும் இல்லை. பால் குடித்து உறங்கும் குழந்தையை அதனுள் கிடத்திப் படம் எடுத்தார்கள். மிகக் குறைந்த மாதத்தில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, பிறந்திருக்க வேண்டிய நாளை எட்டியபோது, அவற்றை நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தோலுக்கு அடியில் கொழுப்புக் குறைவு; வயிற்றினுள்ளே மிகுதி. 2005இல் வெளியான முடிவு இது. 2008இல் ஈரலையும் தனியே அளந்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் ஈரலில் கொழுப்பு அதிகமாயிருப்பது தெரியவந்தது.

பார்வைக்கு எலும்பும் தோலுமாக இருக்கும் ஒரு குழந்தைக்கு உள்ளே கொழுப்பு மிகுதி! முதன்முதல் இதைப் படித்தபோது நானும் வியந்தேன். ஆனால் அஞ்சத் தேவையில்லை. இதனை ஒரு நோய் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு இதனால் வலியோ காமாலையோ வருவதில்லை. கவலை பின்வரும் காலத்தைப் பற்றியது. 33 வாரமோ அதற்குக் குறைவாகவோ கருவில் இருந்து பிறந்து, 18 முதல் 27 வயது வரை வளர்ந்துவிட்ட இளைஞர் சிலரை அதே அறிஞர்கள் 2011இல் ஆராய்ந்தார்கள். உயரத்துக்கேற்ற எடையில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் வயிற்றினுள்ளும் ஈரலிலும் கொழுப்புக் கூடுதலாக இருந்தது. இரத்த அழுத்தமும் சற்று உயர்ந்திருந்தது. தொட்டிலில் கண்ட குறி கல்லூரி வயதிலும் காணப்பட்டது என்பதே இதில் நாம் கருத வேண்டுவது.

அப்படியானால் இரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவைத் திருத்தி அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 31 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் புரதச் சத்தை முதல் நாளிலிருந்தே முழு அளவில் கொடுத்தும், மீன் எண்ணெய் கலந்த கொழுப்பைக் கொடுத்தும் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளியாயிற்று. ஈரலின் கொழுப்பு அதனால் குறையவில்லை, தசையும் கூடவில்லை. கருப்பை செய்யும் வேலையைக் கண்ணாடிக் குப்பியால் செய்ய முடியவில்லை என்று இதற்குப் பொருள் கொள்கிறேன். ஆகையால், தொல்லை வந்த பின் ஈடுசெய்வதைக் காட்டிலும் குழந்தையை உரிய நாள் வரை தாயின் வயிற்றிலேயே இருக்கச் செய்வதே நம்முடைய முதல் முயற்சியாதல் வேண்டும்.

இலண்டன் கதை நமக்கெதற்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டுக் கதை ஒன்றும் இதற்கு இணையாக இருக்கிறது. புனே நகரையடுத்த ஆறு கிராமங்களில், 1993 முதல் சில ஆண்டுகள், உழவர் குடும்பத்துக் கர்ப்பிணிகளை மருத்துவர் யாஜ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராகச் சென்று பின்தொடர்ந்தார்கள். அவ்வூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளின் சராசரியோ 3.5 கிலோ. எடை மட்டும் குறைந்திருந்தால் அதில் புதுமையில்லை. தசையும் வயிற்றுறுப்புகளும் மிகச் சிறுத்திருந்த போதிலும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 'மெலிந்த உடலில் கொழுத்த குழந்தை' என்ற பெயரை அவர்கள் இட்டார்கள். பின்னர் 2009இல் புனேயிலும் இலண்டனிலும் பிறந்த குழந்தைகளை அதே காந்தப் படக் கருவியில் ஒப்பிட்டபோது, நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு மிகுதி என்பதும் தெளிவாயிற்று. அவை நிறைமாதத்துக் குழந்தைகள் என்பதை மறக்கலாகாது. நிறைமாதத்திலேயே இந்நிலையென்றால், குறைமாதத்தில் பிறப்பது பழைய கடனுக்கு மேல் புதிய கடன் வாங்குவதாகும்.

நீரிழிவு நோய் நம் பக்கத்தில் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உடையவர்கள் என்றும், களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் என்றும் கண்டார்கள். நாம் இருப்பது இவ்விரண்டுக்கும் எல்லையில். இந்நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில கருவறையிலேயே தொடங்குகின்றன என்பதை இந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

சரி, ஊராட்சி மன்றம் இதில் என்ன செய்ய முடியும்? புனேக் கிராமங்களுக்கே மறுபடியும் போவோம். கர்ப்ப காலத்தில் பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்தன. கிணற்றில் நீர் இறைத்துச் சுமப்பது போன்ற கடும் வேலைகளை மிகுதியாகச் செய்த தாய்மாரின் குழந்தைகள் சிறியனவாகப் பிறந்தன. ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவது பொறியாளர் வேலை, குழந்தையின் எடை மருத்துவர் வேலை என்று நாம் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறோம். பெண் சுமக்கும் குடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மேட்டு நிலத்திலுள்ள குடியிருப்புகளில் கோடைக் காலத்தில் குழாயில் நீர் வராத வீடுகளில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று ஊராட்சி உறுப்பினர் ஒருவர் கணக்கெடுத்து, அவ்வீடுகளுக்கு முதலில் நீர் கிடைக்கச் செய்தால், அது எந்த மருந்துக்கும் குறைந்ததாகாது.

உணவைப் பொறுத்தவரையில் நம் பகுதிக்குக் குறையொன்றும் இல்லை. மரச்சீனி விளைகிறது, ஏத்தன் விளைகிறது, தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் மரச்சீனி முழுவதும் மாவுச்சத்தே. அதைச் சாளையோடும் அயிலையோடும் உண்டுவந்தது நம் முன்னோரின் அறிவு. மீனை ஆண்களுக்கு வைத்துவிட்டுக் கர்ப்பிணி மரச்சீனியும் மிளகாயுமாக உண்டு எழுந்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையின் தசைக்குப் புரதம் வேண்டும். மீனோ முட்டையோ பயறோ பாலோ அவளுக்கு முதலில் கிடைக்க வேண்டும். முருங்கைக் கீரை பெரும்பாலான வீட்டுப் புரையிடங்களில் நிற்கிறது. இரும்புச் சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்கக் கூடாது. சாயா அச்சத்தை உடலில் சேரவிடாது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியிருக்கிறது. குறைப்பிரசவத்துக்கு இரத்தச் சோகையும் ஒரு காரணம்.

இருவர் உணவை ஒருத்தி உண்ண வேண்டும் என்ற எண்ணமும் சரியன்று. தாயின் உடல் பருமன் கூடக் கூட, நிறைமாதக் குழந்தையின் ஈரலிலும் கொழுப்புக் கூடுகிறது என்று மேற்சொன்ன இலண்டன் குழுவினரே 2011இல் கண்டார்கள். கர்ப்ப கால நீரிழிவு உள்ள பருத்த தாய்மாரின் குழந்தைகளிடமும் இதையே அமெரிக்க மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே சர்க்கரைச் சோதனையைத் தட்டிக் கழிக்கலாகாது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயமில்லாமல், 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்தி நிலைநாட்டினார். கூலி வேலையை ஒரு நாள் முழுதும் விட முடியாத பெண்களுக்கு அது பெரிய உதவி. அளவு 140ஐ எட்டினால் உடனே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்க வேண்டும்.

முந்திரி ஆலைகளில், நம் பேச்சில் அண்டி ஆபீசுகளில், நாள் முழுவதும் குத்தவைத்து அமர்ந்து வேலை செய்யும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீர் கழிக்கப் போக நேரமும் இடமும் இல்லாமையால் நீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவத்தைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. வேலையிடங்களில் நல்ல கழிப்பிடம் இருக்கிறதா என்று பார்ப்பதை ஊராட்சியார் சிறு காரியமாகக் கருதலாகாது. புகையிலை போடும் பழக்கம், ஒரு பிள்ளை பெற்ற இரண்டாண்டுக்குள் மறு கர்ப்பம், பதினெட்டு வயதுக்கு முன் திருமணம், இவற்றைப் பற்றிப் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள், இங்கே விரிக்கவில்லை.

இப்பொழுது சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயாலோ வறுமையாலோ அல்லாமல், நாமே நாள் குறித்து முன்கூட்டிப் பெறும் குழந்தைகளைப் பற்றியது அது. தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 அறுவை முறையில் நடைபெறுவதாக மேற்சொன்ன குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. தாயையோ சேயையோ காப்பாற்றுவதற்கு அறுவை தேவையென்று மருத்துவர் சொன்னால், ஒரு நிமிடமும் தயங்காது இசைய வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால், எப்படியும் அறுவைதானே என்று எண்ணி, நட்சத்திரமும் இலக்கினமும் பார்த்து, அப்பா வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் தேதியும் பார்த்து, 37ஆம் வாரத்திலேயே நாள் குறித்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 37 வாரம் கடந்தால் குறைமாதம் இல்லையே என்பது அவர்கள் வாதம். 2009இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், 39 வாரத்தில் செய்த அறுவையைக் காட்டிலும் 37 வாரத்தில் செய்த அறுவையில் குழந்தைக்கு மூச்சுத் திணறல் முதலிய இடர்கள் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. தோலுக்கடியில் கொழுப்பு விரைந்து படிவதும் மூளை முதிர்வதும் அக்கடைசி வாரங்களில்தான். பால் பிடித்து முற்றாத கதிரைப் பஞ்சாங்கம் பார்த்து அறுக்கும் உழவர் இக்கூட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன். மருத்துவக் காரணம் ஏதுமில்லாதபோது 39 வாரம் நிறையட்டும். அதற்குப் பின் எந்த நல்ல நேரத்தையும் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். மருத்துவர்களுக்கு அதில் தடையில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பிரசவங்கள் முந்தத்தான் செய்யும். நாளாவதற்கு முன் இடுப்பு வலி விட்டுவிட்டு வருவது, நீர்க்குடம் உடைவது, இரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல் ஆகியவை கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஏன் இந்த அவசரம் என்பதற்கு ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் பிரசவ வலி எவ்வாறு தொடங்குகிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டிகள் பிழைக்க முடியாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சு விட்டன. நுரையீரல் முதிர்ந்திருந்தது. 1972இல் அவரும் ஹௌவி என்ற குழந்தை மருத்துவரும் அதே மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பல குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். இன்று 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகலாம் என்று மருத்துவர் கருதும் தாய்க்கு அவ்வூசி போடப்படுகிறது. விலை மிகக் குறைந்த மருந்து. ஆனால் அது வேலை செய்ய ஒரு நாளாவது பிடிக்கும். வலி கண்டவுடன் குழித்துறை அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், ஊசி போட்டு, தேவையானால் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டு போவதே குழந்தைக்கு மேலான வண்டி.

பிறந்துவிட்ட சிறு குழந்தைக்குச் சூடுதான் முதல் உணவு. 1978இல் கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகர மருத்துவமனையில் குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதாமையால், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் பட அணைத்துக் கட்டி வைத்தார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான சோதனையில், பிறந்த உடனே இவ்வாறு அணைத்த சிறு குழந்தைகளில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய் ஓய்வெடுக்கும்போது தகப்பனாரும் பாட்டியும் அணைத்துக்கொள்ளலாம். மீசை வைத்த ஆண்மகன் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர் நகைப்பார்களே என்று நம் இளைஞர் சிலர் கூசுகிறார்கள். நகைப்பவர்கள் நகைக்கட்டும்.

அடுத்தது பால். சீம்பால் தொடங்கித் தாய்ப்பாலுக்கு நிகர் வேறில்லை. உறிஞ்ச முடியாத குழந்தைக்குப் பீய்ச்சிக் கொடுக்கலாம். மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்க்க வேண்டிய சத்துகளை மருத்துவர் சொல்வார். அவராகச் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. ஈரலில் கொழுப்பு என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எவரும் பாலைக் குறைத்துவிடவும் கூடாது. அது பெருந்தீங்கு. குறைமாதக் குழந்தையின் மூளை வளர உணவு நிறைய வேண்டும். கூடாது என்று நான் சொல்வது சர்க்கரை நீரையும், தானாக வாங்கிக் கொடுக்கும் டப்பாப் பாலையும், ஆறு மாதத்துக்கு முன் ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுப்பதையுமே.

சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். தேனைக் குறை சொல்லி இவ்வூரில் ஒருவர் பேசுவது துணிச்சலான காரியம். 1920களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து தேனீ வளர்ப்பு நம் குடியானவருக்குச் சோறு போட்டு வருகிறது. மார்த்தாண்டம் தேன் எங்கும் பெயர் பெற்றது. நீங்களும் நானும் தாராளமாக உண்ணலாம். ஆனால், எவ்வளவு தூய தேனிலும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து இருக்கக்கூடும். ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சாகித் தசைகளைத் தளர்த்திவிடும். ஆகையால் ஓராண்டு நிறையும் வரை ஒரு துளியும் வேண்டாம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்பு என்ன செய்வது? டில்லியில் 1969 முதல் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வந்தார்கள். 2004இல் வெளியான முடிவில், பிற்காலத்தில் சர்க்கரை மிகுந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் பருத்தவர்கள் அல்லர் என்று தெரிந்தது. இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதன் பின் 12 வயது வரை உயரத்துக்கு மிஞ்சி எடை கூடிக்கொண்டே போனவர்களே அவர்கள். எனவே முதல் இரண்டு ஆண்டுகள் நல்ல உணவு தந்து வளர்க்க வேண்டும். பிறகு, 'குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, தின்னட்டும்' என்று இனிப்பும் பொரித்த பண்டமும் திணிக்கலாகாது. ஓடியாடச் செய்ய வேண்டும். அங்கன்வாடியில் எடையை மட்டுமன்றி உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அவன் பெரியவனானபின் எந்த மருத்துவரிடம் போனாலும், தான் எத்தனையாவது வாரத்தில் பிறந்தவன் என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அந்த மருத்துவமனைச் சீட்டு பத்திரமாக இருக்க வேண்டும். நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

அரசாங்கத்தின் உதவிகளில் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்குப் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, தவணை முறையில் கிடைக்கிறது. காலத்தில் பதிவு செய்யாமையாலோ வங்கிக் கணக்கில் பெயர் பொருந்தாமையாலோ அத்தவணை தவறிப்போவதுண்டு. கர்ப்ப காலத்தில் முட்டையும் பாலும் வாங்க வேண்டிய பணம் பிரசவத்துக்குப் பின் வந்து சேர்ந்தால் முழுப் பயன் இல்லை. அடுத்த கிராம சபை கூடும்போது, உங்கள் ஊராட்சியில் இப்பொழுது கர்ப்பமாயிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் தவணை வராதவர்கள் எத்தனை பேர், தண்ணீர் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்று மூன்று எண்களைக் கிராம சுகாதாரச் செவிலியரை வைத்துக்கொண்டு எழுதிப் படியுங்கள். பெயரைப் படிக்க வேண்டாம், எண் போதும்.

செவிலியர் அம்மையார் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வாரக் கணக்கு எண்ணுவதில் ஐயமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் தேதியைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். மற்ற வினாக்கள் இருந்தால் இப்பொழுது என்னைக் கேளுங்கள்.